மண்டபம் உண்டு, மனம் இல்லை

கொழும்பில் தமிழில் சுயாதீனமாகப் படம் எடுக்க விரும்பும் இளைஞர்களுக்கு என்ன வளம் இருக்கிறது என்று எவராவது கேட்டால், நம்மவர்கள் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகு பட்டியல் வரும். பணம் இல்லை, ஸ்டூடியோ இல்லை, பயிற்சிக்கூடம் இல்லை, நடிக்கப் பெண்கள் இல்லை, சந்தை இல்லை. பத்திரிகைத் தொழிலில் கழித்த நீண்ட காலத்தில் இந்தப் பட்டியலை எத்தனையோ மேடைகளில் கேட்டுவிட்டேன். இதிலே பாதி இன்று உண்மையல்ல. மீதிப் பாதி, உண்மையான குறையை மறைப்பதற்காகச் சொல்லப்படுவது.

ஒரு காலத்தில் படம் எடுப்பதென்றால் படச்சுருள் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், பிரதி எடுக்க வேண்டும். வீட்டை ஈடுவைத்தவர்கள்கூட உண்டு. இன்று கமெரா சட்டைப்பையில் இருக்கிறது. படத்தொகுப்பு மடிக்கணினியில் நடக்கிறது. வன்னிப் போரின் பதுங்குகுழி வாழ்வைச் சொல்லும் 'வெந்து தணிந்தது காடு' என்ற முழுநீளப் படத்தை மதிசுதா கைத்தொலைபேசியால் எடுத்தார். பணத்தைப் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஆகவே 'எடுக்க முடியவில்லை' என்ற பேச்சை இனி விட்டுவிடுவோம். எடுத்ததைக் காட்ட இடம் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் பார்க்க வருவதில்லை என்பதே இந்த நகரத்தின் குறை. அந்தக் குறைக்கு அரசாங்கம் மட்டும் பொறுப்பல்ல. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பொறுப்பு.

முதலில் நகரத்தில் இருப்பதைக் கணக்கெடுப்போம். பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனமும் அதன் தரங்கனி மண்டபமும் இருக்கின்றன. கோதே நிறுவனம், அலியான்ஸ் பிரான்சேஸ், ரஷ்ய கலாசார நிலையம், பொது நூலகத்தின் கேட்போர்கூடம் ஆகியவற்றில் எல்லாம் பல்லாண்டுகளாகப் படங்கள் காட்டப்பட்டு வந்திருக்கின்றன. ஐரோப்பியத் தூதரகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பியத் திரைப்பட விழா இருக்கிறது. 2014 இல் கொழும்பு சர்வதேசத் திரைப்பட விழா என்ற பெயரில் ஒரு பெரிய முயற்சி தொடங்கப்பட்டது. இவற்றால் பயன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெர்லினையும் பாரிஸையும் கொழும்பிலே கண்டு சினிமாவைக் கற்றுக்கொண்டவர்கள் பலர். ஆனால் ஒரு தூதரகம் தன் நாட்டுப் படத்தைக் காட்டத்தான் விழா எடுக்கும்; நம் பிள்ளை எடுத்த படத்தைக் காட்டுவது அதன் வேலையல்ல. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை கொழும்பு ஏழிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். தமிழர் செறிந்து வாழும் கொழும்பு ஆறு தெற்கே. கொழும்பு பதின்மூன்று வடக்கே. இரண்டுக்கும் நடுவில் சினிமா என்னும் கலை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசிக்கொண்டு குடியிருக்கிறது. நாம் அதன் இரு பக்கங்களிலும் இருந்துகொண்டு, சென்னையிலிருந்து வரும் பெட்டிக்காகக் காத்திருக்கிறோம்.

அப்படியானால் நம்மிடம் மண்டபம் இல்லையா? 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் சொந்தக் கட்டடத்தில் நிற்கிறது. சங்கரப்பிள்ளை மண்டபத்தை அறியாத தமிழ் எழுத்தாளர் இந்த நாட்டில் இருக்க முடியாது. இராமகிருஷ்ண மிஷனுக்கு மண்டபம் உண்டு. பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம் உண்டு. கொட்டாஞ்சேனையில், விவேகானந்த மேட்டில், 1902 ஆம் ஆண்டிலிருந்து விவேகானந்த சபை இருக்கிறது. பாடசாலை மண்டபங்களையும் தேவாலய மண்டபங்களையும் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். புரொஜெக்டர் ஒன்றும் வெள்ளைத் துணி ஒன்றும் நல்ல ஒலிபெருக்கி இரண்டும் போதும், இவற்றில் எதுவும் அந்த மாலைக்குத் திரையரங்காகிவிடும்.

ஆனால் இத்தகைய மண்டபங்களின் நாட்குறிப்பில் எதற்கு முதலிடம்? நூல் வெளியீடு, பட்டிமன்றம், நினைவுப் பேருரை, பரதநாட்டிய அரங்கேற்றம், பிறகு திருமண வரவேற்பு. எல்லாம் வேண்டியவைதான். ஓர் அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரரை விமானத்தில் அழைத்து வந்து, மலர் அலங்காரம் செய்து, அழைப்பிதழைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதே தொகையில் ஓர் இளைஞன் ஒரு குறுந்திரைப்படம் அல்ல, மூன்று எடுத்துவிடுவான். அரங்கேற்றத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை, அது கலை. படம் என்றால் மட்டும் 'வளமில்லை' என்கிறோம். இயல், இசை, நாடகம் என்று முத்தமிழை எண்ணிப் பழகிய விரல்கள் நான்காவதை எண்ண மறுக்கின்றன. சினிமா என்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்றால் அது சென்னை. நம்முடைய மண்டபக் கமிட்டி மனப்பான்மையின் சுருக்கம் இவ்வளவுதான்.

நமக்குச் சினிமா பழக்கமில்லாத தொழில் என்றாவது சொல்லலாமா? அதுவும் முடியாது. சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை 1928 இல் தொடங்கிய சேர் சிற்றம்பலம் கார்டினர் தமிழர். இன்று கொழும்பில் ரீகல் தியேட்டர் நிற்கும் வீதிக்கே அவர் பெயர்தான். முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், படமாக்கப்பட்ட இடம் மதுரையில் இருந்த அவருடைய ஸ்டூடியோ. சினிமாஸ் லிமிட்டெட் உரிமையாளர் கே. குணரத்தினம் பல வெற்றிச் சிங்களப் படங்களைத் தயாரித்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) அவருடைய தயாரிப்பு. இசையமைப்பில் ஆர். முத்துசாமியும் எம். ரொக்சாமியும் சிங்களத் திரையின் செவியையே வடிவமைத்தார்கள். முதலீடும் நம்மிடம் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது, திரையரங்குகளும் இருந்தன. தமிழில் படம் எடுக்கும் எண்ணம் மட்டும் 1960கள் வரை வரவில்லை. வியாபாரிகளை நான் குற்றம் சொல்லவில்லை. சென்னைப் படத்தை இறக்கினால் நிச்சய இலாபம். உள்ளூர்ப் படம் எடுத்தால் நிச்சயமற்ற நட்டம். அன்றைய கணக்கு அது. இன்றும் அதே கணக்குத்தான் போடப்படுகிறது.

அந்தக் கணக்கை மீறி வந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். 1962 இல் 16 மில்லிமீட்டரில் 'சமுதாயம்' வந்தது. 1963 இல் பி.எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி'. 1966 இல் ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டைத் தழுவி 'கடமையின் எல்லை'. 1972 இல் 'குத்துவிளக்கு', தயாரித்தவர் வி.எஸ். துரைராஜா, தொழிலால் கட்டடக் கலைஞர். 'புதிய காற்று' (1975) எடுத்த வி.பி. கணேசன் தொழிற்சங்கத் தலைவர். கட்டடம் வரைந்தவர், தொழிற்சங்கம் நடத்தியவர், வானொலி நாடகம் எழுதியவர் என்று வேறு வேறு தொழிலில் இருந்தவர்கள் கைப்பணத்தைப் போட்டு எடுத்த படங்கள் இவை. சுயாதீன சினிமா என்ற சொல் அன்று வழக்கில் இல்லை. ஆனால் இதைவிடச் சுயாதீனமானது எது? இந்தக் கதையை எல்லாம் தம்பிஐயா தேவதாஸ் தேடித் தொகுத்து 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்று நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். படம் எடுக்கப் புறப்படும் இளைஞர்கள் அதைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

இந்த வரிசையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நம்முடைய நோய் புரியும்.

ஒன்று, 1976 இல் வந்த 'கோமாளிகள்'. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலித் தொடர்தான் படமானது. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீட். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் தமிழ் என்று கொழும்பின் ஒரே வீதியில் கேட்கும் நாலு தமிழும் அந்தப் படத்தில் ஒன்றோடொன்று மோதின. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஏன்? படத்துக்கு முன்பே வானொலி அந்தப் பாத்திரங்களுக்கு ரசிகர்களை உருவாக்கி வைத்திருந்தது. தம்முடைய குரலைக் கேட்டுப் பழகியவர்கள் தம்முடைய முகத்தைப் பார்க்க வந்தார்கள்.

மற்றொன்று, அதற்கு அடுத்த ஆண்டு வந்த 'பொன்மணி'. கதை வசனம் காவலூர் இராசதுரை. இயக்கம் தர்மசேன பத்திராஜ. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பெண்களை எப்படி நெரிக்கின்றன என்பதை ஆரவாரமில்லாமல் சொன்ன படம். இன்று உலகெங்கும் விமர்சகர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். அன்று அது வசூலில் தோற்றது. பாட்டும் சண்டையும் எங்கே என்று கேட்ட பார்வையாளருக்கு அந்த அமைதி விளங்கவில்லை. அதே 1977 இல், கடலுக்கு அப்பால், மலையாளியான ஜோன் ஏபிரகாம் தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்தார். தமிழ்ச் சமூகத்தின் சாதியை அதன் முகத்துக்கு நேரே காட்டிய இரண்டு படங்கள், ஒரே ஆண்டில், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இரண்டு இயக்குநர்களிடமிருந்து! தமிழன் பெருமை பேசும் மேடைகளில் இந்தச் செய்தியை யாரும் சொல்வதில்லை.

கோமாளிகளுக்கு வானொலி செய்த வேலையைப் பொன்மணிக்குச் செய்ய ஒரு அமைப்பும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட படத்தை எப்படிப் பார்ப்பது, ஏன் பார்ப்பது என்று முன்கூட்டியே பழக்கிவைத்த திரைப்படக் கழகம் தமிழரிடையே வேரூன்றியிருக்கவில்லை. நல்ல படம் தோற்பதற்குப் பெரும்பாலும் படம் காரணமல்ல. அதற்கு முன்பு நடந்திருக்க வேண்டிய நூறு சிறிய திரையிடல்கள் நடக்காததே காரணம்.

1978 ஒரே ஆண்டில், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று', 'தென்றலும் புயலும்', 'தெய்வம் தந்த வீடு', 'நான் உங்கள் தோழன்' என்று உள்ளூர்ப் படங்கள் தொடர்ந்து வந்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது. பிறகு 1983 ஜூலை வந்தது. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படங்களின் மூலப்பிரதிகள் சாம்பலாயின. எரிந்தவற்றில் சிங்களப் படங்களும் அடக்கம். சிங்களப் படங்களின் இயக்குநராக இருந்த கே. வெங்கட் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை மறந்துவிட்டுத் 'தமிழருக்கு ஊக்கமில்லை' என்று பேசுபவன் மனச்சாட்சியற்றவன். ஆனால் அந்தத் தீ அணைந்து நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. வெள்ளவத்தையில் எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டினோம். நகைக்கடை கட்டினோம், புடவைக்கடை கட்டினோம், தொடர்மாடிக்கு மேல் தொடர்மாடி கட்டினோம். திரையை மட்டும் ஏன் திரும்பக் கட்டவில்லை?

இது வெறும் கலைப் பிரச்சினை என்று எண்ணுபவர்களுக்கு ஒரு நாளை நினைவுபடுத்துகிறேன். 2007 ஜூன் 7 அதிகாலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் தட்டி எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, கொழும்பை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மருந்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் என்று பலதரப்பட்டவர்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த நாளின் செய்திகள் பத்திரிகைகளில் இருக்கின்றன; மனித உரிமை அறிக்கைகளில் இருக்கின்றன. அந்த பஸ்ஸின் உள்ளே என்ன பேசினார்கள், விடுதி அறையில் எதை விட்டுவிட்டுப் போனார்கள், அடுத்த அறைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டாரா திறந்தாரா என்பதெல்லாம் எங்கே இருக்கின்றன?

பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த தலைமுறையின் கதை, வெள்ளை வானுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்குக் கதவடைத்த கதை, காலி வீதித் தொடர்மாடிகளில் பிள்ளைகள் எல்லாம் கனடாவுக்குப் போய்விடத் தனித்திருக்கும் முதியவர்களின் கதை, கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் ஒரே குழாயடியில் மூன்று மொழி பேசும் பெண்களின் கதை, 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் கதை என்று எத்தனை கிடக்கின்றன. இவற்றைக் கோடம்பாக்கம் எடுக்காது. எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர்களுக்கு அவர்கள் வீதிகள் இருக்கின்றன. இவற்றைப் பார்த்தவர்கள் வயதாகிக்கொண்டு வருகிறார்கள். இன்னும் இருபது ஆண்டில் எடுக்க முயன்றால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

திறமை இல்லையா? அசோக ஹந்தகமவின் தமிழ்ப் படமான 'இனி அவன்' 2012 இல் கானில் காட்டப்பட்டது. அதன் நாயகன் தர்ஷன் தர்மராஜ் நம்முடைய பிள்ளை, வாழ்நாளில் பெரும்பாலும் சிங்களப் படங்களில் நடித்தே 2022 இல் மறைந்தார். விசாகேச சந்திரசேகரத்தின் 'மணல்' 2023 இல் ரொட்டர்டாம் விழாவின் போட்டிப் பிரிவில் நடுவர் சிறப்பு விருது பெற்றது. இளங்கோ ராம் முதலில் சிங்களத்தில் 'டென்டிகோ' எடுத்தார். 2023 இல் தாலின் விழாவில் அது விருது பெற்றது. அதே கதையைத் தமிழில் அவர் எடுத்தது எங்கே? தமிழ்நாட்டில். 2025 இல் 'பெருசு' என்ற பெயரில் அது வெளிவந்தபோது கொழும்பில் நாமும் டிக்கட் வாங்கிப் பார்த்தோம், சென்னைப் படம் என்று. இலங்கையின் தமிழ் இயக்குநர் ஒருவரின் கதைக்குச் சிங்களத்தில் இங்கே இடம் இருக்கிறது. தமிழில் சென்னையில் இடம் இருக்கிறது. தமிழில் இங்கே மட்டும் இடம் இல்லை. இதைவிடச் சுருக்கமாக நம் நிலைமையை விளக்க என்னால் முடியாது.

இனி விழாக்களுக்கு வருவோம். தமிழ் பேசும் ஒரு நகரத்தில், ஒழுங்காக, உலகப் படங்களையும் உள்ளூர்ப் படங்களையும் சேர்த்துக் காட்டும் விழா இந்த நாட்டில் ஒன்று உண்டு. அது யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா. 2015 இல் அதைத் தொடங்கியவர் அனோமா ராஜகருணா. ஒரு சிங்களப் பெண்மணி யாழ்ப்பாணத்துக்குப் போய் விழா எடுக்கிறார். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிரமுகர்களுக்கு அந்த எண்ணம் வரவில்லை. அவருக்கு என் வணக்கம். ஆனால் அந்த விழாவின் வரலாற்றிலும் ஒரு வடு உண்டு. ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம் 2017 இல் கான் விழாவில் காட்டப்பட்டது. இயக்கங்களின் உள்வன்முறையைப் பேசிய அந்தப் படம், அதே ஆண்டு யாழ்ப்பாண விழாவில் எதிர்ப்புக் காரணமாக விலக்கப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் பிரசன்ன விதானகேயின் 'ஒப நதுவ ஒப எக்க' சென்னைத் திரையரங்குகளிலிருந்து எதிர்ப்பால் எடுக்கப்பட்டது. அந்த ஆவணப்படத்தின் அரசியலோடு எவரும் முரண்படலாம். காட்டிவிட்டு, விளக்கைப் போட்டு, விடிய விடியச் சண்டை பிடித்திருக்க வேண்டும். பார்க்காத படத்தை எதிர்க்கும் சமூகம், பார்க்க வேண்டிய படத்தையும் இழந்துவிடும். கொழும்பில் ஒரு விழா வருமானால், அது முதல் நாளே இந்த விதியை வாசலில் எழுதிவைக்கட்டும்: இங்கே படத்துக்குத் தடையில்லை, கேள்விக்கும் தடையில்லை.

மறுபக்கத்தில் வேறொரு வியாபாரம் நடக்கிறது. இணையத்தில் மாதத்துக்கு மாதம் முளைக்கும் 'சர்வதேச விழாக்கள்'. டொலரில் நுழைவுக் கட்டணம். மண்டபம் இல்லை, பார்வையாளர் இல்லை. ஆனால் இரண்டு இலைகளுக்கு நடுவே விருதுப் பெயர் மட்டும் மின்னஞ்சலில் வந்துவிடும். நம்முடைய இளைஞர்கள் ஒரு குறும்படத்துக்கு இப்படிப்பட்ட பத்து இலைகளைச் சுவரொட்டியில் ஒட்டி முகநூலில் போடுகிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஊரில் ஐம்பது பேர் பார்த்துக் கைதட்டியிருந்தால் அந்தப் பிள்ளை முகந்தெரியாத ஒருவனுக்கு டொலர் அனுப்பியிருக்க மாட்டான்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டுகிறேன். அங்கே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965 இல் சித்திரலேகா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஊராகக் கழகங்கள் பெருகின. முன்னர் சொன்ன அதே ஜோன் ஏபிரகாம், ஒடேசா என்ற கூட்டமைப்பின் மூலம் கிராமம் கிராமமாகப் படம் காட்டி, துண்டேந்திப் பணம் சேர்த்து, 1986 இல் 'அம்ம அறியான்' எடுத்தார். முதலில் பார்வையாளர்; பிறகு பணம்; பிறகு படம். கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996 இல் தொடங்குவதற்கு முப்பது ஆண்டு முன்னரே அதன் பார்வையாளர்கள் உருவாகத் தொடங்கிவிட்டார்கள். நாம் தலைகீழாகச் செய்ய விரும்புகிறோம்: முதல் நாளே சிவப்புக் கம்பளம், அமைச்சர், குத்துவிளக்கு, பொன்னாடை. அந்த விழா மூன்றாம் ஆண்டு இருக்காது.

என் கோரிக்கைகள் சிறியவை, நிறைவேற்றக்கூடியவை.

மண்டபம் வைத்திருக்கும் தமிழ் அமைப்புகளுக்கு: மாதத்தின் கடைசி ஞாயிறு மாலையை உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு மாதம் வெள்ளவத்தை, மறுமாதம் கொட்டாஞ்சேனை. வாடகை கேட்காதீர்கள், நுழைவுப் பணத்தில் பங்கு கேளுங்கள். இருநூறு பேர் வந்து ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்தால் ஓர் இலட்சம் ரூபாய். மின்சாரத்துக்கும் மண்டபத்துக்கும் கால்பங்கு போனாலும் எடுத்தவர்களுக்கு எழுபத்தையாயிரம். கோடி அல்லதான். ஆனால் அடுத்த படத்துக்கான முதல் பணம் அது; தானமாக வந்ததல்ல, சம்பாதித்தது.

பேச்சாளர் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு: தயவுசெய்து ஒரே ஒரு நிபந்தனை. தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை எதுவும் வேண்டாம். ஐந்தரைக்கு என்றால் ஐந்தரைக்குப் படம் ஓடட்டும். பேச வேண்டியவர்கள் படம் முடிந்த பின் வரிசையில் நின்று கேள்வி கேட்கலாம்.

திரையரங்க உரிமையாளர்களுக்கு: காலி வீதியில் சவோய் நிற்கிறது. சவோய், பிளாசா, ரொக்சி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த வெள்ளவத்தை இது. செல்லமஹாலையும் கிங்ஸ்லியையும் மறக்காத வடகொழும்பு அது. இந்த நகரத் தமிழன் உங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக டிக்கட் வாங்கியிருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு காலைக் காட்சி, ஆட்கள் குறைவாக வரும் நேரம், உள்ளூர்ப் படத்துக்குக் கொடுங்கள். 2018 இல் 'கோமாளி கிங்ஸ்' பெரிய திரையரங்குகளுக்கு வந்தபோது மக்கள் வந்து பார்த்தார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கு: தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் 1987 இலேயே எழுதிவிட்டது. தமிழ்ப் படங்களுக்காக ஆண்டுதோறும் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனைக்கு உதவி கிடைத்தது, எவ்வளவு என்ற கணக்கைத் தமிழில் பகிரங்கமாக வெளியிடுங்கள். தரங்கனியின் நாட்காட்டியில் தமிழுக்கென்று நிலையான நாட்களைக் குறியுங்கள். இது சலுகை அல்ல. உங்கள் பெயரில் உள்ள 'தேசிய' என்ற சொல்லின் பொருள்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு: லெனின் எம். சிவம் 2013 இல் 'எ கன் அன்ட் எ ரிங்' படத்தை ஷங்ஹாய் விழாவரை கொண்டு சென்றார். பாரிஸில் வாழும் ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015 இல் கானின் தங்கப்பனை பெற்றது. உங்கள் பக்கத்தில் கதவுகள் திறந்திருக்கின்றன. கொழும்பிலிருந்து வரும் படங்களுக்கும் அவற்றைத் திறந்துவிடுங்கள். ஆனால் ஒன்று: பணத்தோடு சேர்த்துக் கதையையும் அனுப்பிவைக்காதீர்கள். இங்கே இருப்பவன் எதைச் சொல்ல வேண்டும் என்று இங்கே இருப்பவன் தீர்மானிக்கட்டும். போர்க்களம் இல்லாத படமும் தமிழ்ப் படம்தான்.

இன்னுமொன்று. உங்கள் வீட்டு நிலவறையில், பெட்டியில், ஊரிலிருந்து கொண்டுவந்த வீடியோ ஒளிநாடாக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றில் நம்முடைய பழைய படம் ஒன்று பதிந்திருக்கலாம். சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' (1978) புதுப்பிக்கப்பட்டு 2025 இல் கான் விழாவில் காட்டப்பட்டது. அதே ஆண்டில் வந்த 'வாடைக்காற்று'க்கு அப்படியொரு நாள் வர வேண்டாமா? அதற்கு முதலில், எது எங்கே எந்த நிலையில் கிடக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எடுக்க ஒரு பல்கலைக்கழக மாணவரும் ஒரு வருடமும் போதும்.

கடைசியாக, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் வாசகர்களுக்கு. நம் பிள்ளைகள் எடுக்கும் படங்கள் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். பல படங்கள் மோசமாகவே இருக்கும். சென்னையைப் பார்த்து நகலெடுத்தவை, ஒலி சரியில்லாதவை, அழுது தீர்ப்பவை. மோசமான பத்துப் படங்களைப் பார்க்கப் பொறுமையில்லாத ஊருக்குப் பதினோராவதாக வரும் நல்ல படம் கிடைக்காது. சென்னையின் மோசமான படங்களை எழுபது எண்பது ஆண்டாகப் பொறுத்துக்கொண்டவர்கள் நாம். அந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கை நம் வீதிப் பிள்ளைகளுக்கும் காட்டுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணித்தியாலம், 500 ரூபாய். இதற்கும் வளமில்லை என்றால், நமக்கு இல்லாதது வளமல்ல.